கசிவுக்குக் கணக்கு உண்டு, தூசுக்கு இல்லை: நீர்ச் சுரங்கங்களும் புதிய தொழிலாளர் சட்டமும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு குறித்த விவாதம் பெரும்பாலும் ஆலைகளைச் சுற்றியே நடக்கிறது. மலையைக் குடைந்து நீர்மின் திட்டங்களுக்கு அழுத்தச் சுரங்கம் அமைப்போர் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். நீலகிரியின் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் உட்பட நாடெங்கும் இத்தகைய பணிகள் நடைபெறுவதால், இந்த மௌனத்தை நாம் கேள்விக்குள்ளாக்க வேண்டியுள்ளது.

அழுத்தச் சுரங்கத்தில் நீர் பாறையை முட்டித் தள்ளியபடியே செல்கிறது. 100 மீட்டர் உயர நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 10 கிலோ விசையைச் செலுத்தும். பாறையில் விரிசல் இருப்பின் நீர் கசியும், மலைச்சரிவே நிலைகுலையலாம். எனவே உட்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பப்படுகிறது. மேலே பாறை மெலிந்த இடங்களில் எஃகுத் தகடு பொருத்தப்படுகிறது. பின்னர் துளையிட்டுச் சிமெண்ட் கரைசலை அழுத்தத்துடன் செலுத்துகின்றனர். இதுவே கிரவுட்டிங். முதலில் கான்கிரீட்டுக்கும் பாறைக்கும் இடையிலான வெற்றிடம் நிரப்பப்படும். அடுத்து, ஆழமான துளைகள் வழியே விரிசல்கள் அடைக்கப்பட்டுப் பாறை வலுப்பெறும்.

பாறை எவ்வளவு நீரை உள்வாங்குகிறது என்பதற்கு 'லூஜான்' என்ற அளவு உண்டு: 10 பார் அழுத்தத்தில், ஒரு மீட்டர் துளையில், நிமிடத்திற்கு ஒரு லிட்டர். துளையிட்ட ஒவ்வொரு மீட்டருக்கும், செலுத்திய ஒவ்வொரு சிமெண்ட் மூட்டைக்கும் ஒப்பந்தத்தில் தனி விலை உண்டு. ஆனால் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசை அடக்கும் நீர்த்தெளிப்புக்கும் காற்றோட்டத்திற்கும் பெரும்பாலும் அத்தகைய தனி விலை இருப்பதில்லை. விலை இல்லாத வேலையைக் குறைத்தால் ஒப்பந்ததாரருக்கு லாபம்; அந்த லாபத்திற்கான விலையைத் தொழிலாளியின் நுரையீரல் செலுத்துகிறது.

இதன் கொடிய வடிவத்தை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1930இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், யூனியன் கார்பைடின் துணை நிறுவனத்திற்காக ஹாக்ஸ் நெஸ்ட் நீர்ச் சுரங்கம் குடையத் தொடங்கப்பட்டது. நிலத்தடியில் உழைத்த ஏறக்குறைய 3,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். சிலிக்கா மிகுந்த பாறையை, வேகத்தின் பொருட்டு, நீர் தெளிக்காமலேயே துளைத்தனர். சில மாதங்களிலேயே மரணங்கள் தொடங்கின. பல மரணங்கள் நிமோனியா எனப் பதிவாயின. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1986இல் மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் தம் ஆய்வில் இறந்தோர் எண்ணிக்கையைக் குறைந்தது 764 என மதிப்பிட்டார். துல்லியமான எண் இன்றுவரை இல்லை. ஏனெனில், வேலை முடிந்ததும் கலைந்து சென்றவர்களை எவரும் கணக்கில் வைக்கவில்லை. அதே யூனியன் கார்பைடின் பெயரை 1984இல் போபால் வழியே நாம் அறிந்தோம்.

இங்கும் அதே கதைதான். குஜராத்தின் கோத்ரா குவார்ட்ஸ் ஆலைகளில் உழைத்து சிலிக்கோசிஸால் இறந்த 238 பேர் மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்கச் சென்ற ஆதிவாசிகள். அவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட வேண்டியிருந்தது. சாதியும் நிலமின்மையும் யாரைத் தூசுக்குள் அனுப்புகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

புதிய தொகுப்பு சிலவற்றைத் தருகிறது: பணிநியமனக் கடிதம், குறிப்பிட்ட பிரிவினருக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்திவிட்டது. கிரவுட்டிங் போன்ற பணிகளைச் செய்வதோ சிறு துணை ஒப்பந்தக் குழுக்கள். உரிமம் பெறத் தேவையில்லாத ஒப்பந்ததாரரிடம் உழைத்தவர், பத்தாண்டுகள் கழித்து மூச்சுத்திணறி, காசநோய் மாத்திரையோடு ஊரில் படுத்திருக்கும்போது, தாம் எந்தச் சுரங்கத்தில் உழைத்தோம் என்பதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? சிலிக்கோசிஸ் வழக்குகள் பெரும்பாலும் தோற்பது நோய்க்கான சான்றின்றி அல்ல, வேலைக்கான சான்றின்றியே.

ஆகவே நாம் வலியுறுத்துவன மூன்று. தூசுக் கட்டுப்பாடு ஒப்பந்தப் புள்ளியில் தனி விலை கொண்ட பணியாக இடம்பெற வேண்டும். நீர்க்கசிவைப் போலவே தூசின் அளவும் பதிவேட்டில் ஏற வேண்டும். துணை ஒப்பந்தக் குழுவில் இருப்பினும், ஒவ்வொரு தொழிலாளியிடமும் நியமனக் கடிதமும், சேரும்போதும் விலகும்போதும் எடுத்த எக்ஸ்ரேயின் நகலும் இருக்க வேண்டும்.

அரசு நிறுவனங்களின் திட்டங்களில் இவற்றைக் கேட்டறிய 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் போதும். துணை ஒப்பந்ததாரர் பட்டியல், தூசு அளவீடு, வழங்கப்பட்ட நியமனக் கடிதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு மாணவர்கள் இன்றே விண்ணப்பிக்கலாம். நோய் வெளிப்படும் நாளில் தேவைப்படும் சான்று, சுரங்கம் குடையப்படும் நாளிலேயே திரட்டப்பட வேண்டும்.