குடியேறிய நாட்டின் சரித்திரமும் நம் குழந்தைகளும்

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்று வாழ்வோர் தொகை 1990-க்குப் பின்னர் பெரிதும் வளர்ந்திருக்கிறது. இவர்கள் கல்வியிலும் செல்வத்திலும் குறைந்தவரல்லர். மக்களை நல்ல பள்ளிக்கூடங்களில் சேர்க்கின்றனர். சங்கீதமும் நாட்டியமும் பயிற்றுவிக்கின்றனர். ஆயினும் ஒரு விஷயத்தில் இவர்களுள் பலர் காட்டும் அசிரத்தை நமக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே அளிக்கிறது. தாம் காலூன்றிய மண்ணின் பூர்வ கதையைத் தாமும் விசாரிப்பதில்லை, குழந்தைகளுக்கும் காட்டுவதில்லை. விடுமுறை வந்தால் பெருங்கடைகள், கேளிக்கைப் பூங்காக்கள். பிறகு விமானமேறி ஊர் திரும்புதல். தாம் வந்திறங்கிய தினத்தன்றுதான் அத்தீவின் சரித்திரமே ஆரம்பமாயிற்று என்பது அன்னாரது எண்ணம் போலும்!

'சொந்த நாட்டின் பெருமையையே பிள்ளைகள் மறந்து வருங்காலத்தில் அந்நிய நாட்டுக் கதை எதற்கு?' எனத் தேசாபிமானிகள் சிலர் கேட்கக் கூடும். இவ்வாதத்தை நாம் ஒப்போம். நாடு என்பது குழந்தைக்குப் படத்தில் காணும் எல்லைக்கோடன்று. அது நடக்கும் தெருவும் அதனோடு விளையாடும் தோழனுமே அதற்கு நாடு. வசிக்கும் வீதிக்கு ஏன் இப்பெயர் வந்ததென்று ஒரு நாளும் வினவாத பிள்ளை, கடலுக்கு அப்பாலுள்ள தஞ்சைக் கோபுரத்தின்மீது மட்டும் எங்ஙனம் பற்றுக் கொள்ளும்? மேலும், சிங்கப்பூரைப் பொறுத்தமட்டில் 'அந்நியம்' என்னும் சொல்லே முற்றும் பொருந்துவதன்று.

அந்நகரத்துச் சீனர் பேட்டையிலே பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட், மாஸ்க் ஸ்ட்ரீட் என்னும் தெருக்கள் உள. முதலிரண்டும் மாரியம்மன் கோயிலால் பெயர் பெற்றவை. மூன்றாவது, அக்கோயிலை அடுத்துச் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசலால் பெயர் பெற்றது. 1819-ல் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை என்பார் அவ்வூரில் செங்கற்சூளை வைத்துக் கட்டட வேலை நடத்தினார்; 1827-ல் அம்மனுக்கு ஓலை வேய்ந்த கோயிலொன்று அமைத்தார். கோபுரத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிடும் நம்மவர், செங்கற்சூளையின் கதையையும் பிள்ளைக்குச் சொன்னாலென்ன?

தெலோக் ஆயர் வீதி இதனினும் அழகியது. முற்காலத்தில் அது கடற்கரை. மரக்கலத்தில் வந்த சோழமண்டலக் கரை முஸ்லிம்கள், நாகூர் ஆண்டவரை நினைந்து 1828-க்கும் 1830-க்கும் இடையே அங்கே ஒரு தர்கா கட்டினர். அதே வீதியில் ஹொக்கியன் சீனர், கடலைக் காக்கும் மாட்ஸு தேவிக்கு 1839 முதல் 1842 வரை தியான் ஹொக் கெங் ஆலயம் எடுத்தனர். பாஷை வேறு, சமயம் வேறு. அலை ஒன்று, அச்சம் ஒன்று, கரையேறியதும் பிறந்த நன்றியும் ஒன்றே. பிற்பாடு கடலைத் தூர்த்துவிட்டமையால், இன்று அவ்விரு ஸ்தலங்களுக்கும் கடலுக்கும் நடுவே வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. 'கடல் எங்கே போயிற்று?' என்று குழந்தை கேட்கும். அக்கேள்வி பிறந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பெருமையான கதைகளை மட்டும் தேர்ந்து சொல்லும் வழக்கமும் நமக்கு உவப்பன்று. 1825 முதல் இந்தியாவிலிருந்து தண்டனை பெற்ற கைதிகள் அங்கே கொண்டு வரப்பட்டுச் சாலை போட்டனர். சதுப்பு நிலத்தைச் செப்பனிட்டனர். 1856-ல் தொடங்கிய ஸெயின்ட் ஆன்ட்ரூ தேவாலயம் அவர்கள் கைவேலை. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் இவற்றைக் குழைத்துப் பூசிய 'சென்னைச் சுண்ணம்' அதன் சுவர்களிலே பளபளத்தது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1867-க்கும் 1869-க்கும் இடையே அவர்கள் உழைப்பால் எழுந்தது. பெயரற்றுப் போன அக்கைதிகளின் கதையை அறிந்த பிள்ளை, லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைக்குச் செல்லும் இன்றைய தமிழ்த் தொழிலாளியை வேறு கண்ணால் நோக்கும். அத்தொழிலாளியைக் கண்டு முகஞ்சுளிக்கும் தாய் தந்தையர் சிலர் உளரென அறிகிறோம். அவர்களுக்கே இப்பாடம் முதலில் வேண்டுவது.

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். 1943 அக்டோபர் 21-ந் தேதி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்காரைப் பிரகடனம் செய்தது சிங்கப்பூரிலேதான். தோட்டத் தொழிலாளரின் பெண்மக்களும் துப்பாக்கி ஏந்தி ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்தனர். உயிர்நீத்த வீரர்க்கு எஸ்பிளனேட் கடற்கரையில் போஸ் எழுப்பிய நினைவுச் சின்னத்தை, 1945-ல் திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். ஐம்பதாண்டு கழித்து 1995-ல் அவ்விடத்தில் ஓர் அடையாளம் நாட்டப் பெற்றது. அங்கே பிள்ளையை அழைத்துச் சென்று நிற்கும் தமிழ்த் தந்தையின் மார்பு விம்முவது இயல்பே.

ஆனால் சிறிது தூரம் நடந்தால் நான்கு வெண்தூண்கள் ஓங்கி நிற்கும் மற்றொரு சின்னம் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், ஆயிரக்கணக்கான சீனரைப் பொறுக்கியெடுத்துச் சுட்டுக் கொன்றனர். அக்காலத்தில் மாண்ட குடிமக்களுக்காக 1967-ல் திறக்கப்பெற்றது அது. அதே ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழரையும் பலிகொண்டனர். நம் விடுதலைப் படைக்குத் துணை நின்ற கை, பக்கத்துப் பெஞ்சியில் அமரும் சீனத் தோழனின் கொள்ளுப்பாட்டனைக் கொன்ற கையாக இருக்கலாம். இதைச் சொல்லாமல் முதற் சின்னத்தோடு வீடு திரும்புதல் தேசபக்தியாகாது, கோழைத்தனமேயாகும். ஐ. என். ஏ. வீரரின் தியாகம் இதனால் ஓர் அணுவும் குறையாது. இரண்டையும் ஒரே மாலையில் காட்டுக. பிள்ளை கேட்கும் கேள்விக்கு உடனே விடை தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

'எங்கள் ராஜேந்திரன் 1025-ல் இந்தக் கடலை வென்றான்' என மலாய்த் தோழனிடம் வீறாப்புப் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலாயரின் பழஞ்சரித்திரமாகிய 'செஜாரா மெலாயு' கூறும் கதையைச் சொல்லலாம். சோழன் பெயரை நினைவூட்டும் ஓர் இந்திய வேந்தன் சீனத்தின்மீது படையெடுத்துத் தெமாசிக் வரை வந்தானாம். சீன அரசன் பல்லுதிர்ந்த கிழவரையும் துருப்பிடித்த ஊசிகளையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினான். 'புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள். இவ்வூசிகள் கைப்பருமனான இரும்புக் கம்பிகள்' என்றனர் கிழவர். சீனம் அத்தனை தூரமா என்று வேந்தன் திரும்பிப் போனானாம்! நம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் கதையைக் கேட்டுச் சிரிக்கவும் பிள்ளைகள் பழகட்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஜூன் மாத விடுமுறையில் நான்கு காலைப்பொழுதுகள் போதும். வெயில் ஏறுமுன் கால்நடையாகச் செல்ல வேண்டும். அங்குள்ள தமிழ்ச் சங்கத்தார், புதிதாக வருங் குடும்பங்களுக்குப் பழங்குடித் தமிழர் ஒருவரை வழிகாட்டியாக அனுப்பினால், இன்று ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராத இவ்விரு சாராரும் தெலோக் ஆயர் வீதியிலேனும் சந்தித்துப் பேசுவர். கூடுமாயின் அடுத்த வீட்டு மலாய்க் குழந்தையையும் சீனக் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்க.