குறைந்த விலை சொல்பவர் கெட்டிக்காரரா?

வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் செய்து பெயர் எடுத்த தச்சர்கள் பலர் உண்டு. ஒரு நாள் அவர்களைத் தேடிக் கடை வேலை வருகிறது. "கடை முழுவதும் மர வேலை. கொட்டேஷன் கொடுங்கள்" என்கிறார் முதலாளி.

தச்சருக்கு மகிழ்ச்சி. கூடவே பயம். "விலை அதிகம் சொன்னால் வேலை கைநழுவிப் போகுமே!" என்று நினைக்கிறார். மனதில் தோன்றிய தொகையை இன்னும் குறைத்து எழுதிக் கொடுக்கிறார். வேலை கிடைத்துவிடுகிறது.

வேலை முடியும்போது மனைவியின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது!

இது திறமைக் குறைவு அல்ல. கணக்குக் குறைவு.

பலகைக் கணக்கு

பிளைவுட் பலகை ஒன்று 8 அடி நீளம், 4 அடி அகலம். அதாவது 32 சதுர அடி.

கடைக்கு 8 அடி நீளம், 18 அங்குல அகலத்தில் 20 தட்டுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு 12 சதுர அடி. 20 தட்டுக்கு 240 சதுர அடி. அதை 32-ஆல் வகுத்தால் ஏழரை. "8 பலகை போதும்" என்று தச்சர் எழுதிவிடுகிறார்.

போதுமா? போதாது!

4 அடி என்பது 48 அங்குலம். அதில் 18 அங்குலத் தட்டு இரண்டுதான் கிடைக்கும். மீதி துண்டாக நின்றுவிடும். ஆகவே 10 பலகை வேண்டும். இரண்டு பலகையின் விலை யார் தலையில்? தச்சர் தலையில்தான்!

முதலில் படம் போட வேண்டும். எப்படி வெட்டுவது என்று குறிக்க வேண்டும். பிறகுதான் பலகையை எண்ண வேண்டும்.

மறந்துபோகும் செலவு

பலகை, மைக்கா விலையை யாரும் மறப்பதில்லை. திருகு, பசை, உப்புத்தாள், வண்டி வாடகை, மாடிக்குச் சுமை ஏற்றும் கூலி ஆகியவை மறந்துபோகின்றன. பகலில் வியாபாரம் நடக்கும் கட்டிடத்தில் ராத்திரிதான் வேலை. அதற்குக் கூலி அதிகம். மரக்கடைக்காரர் சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. வரி சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதும் தச்சர், தன் கூலியை எழுத மறக்கிறார்! கூலி வேறு, லாபம் வேறு.

எழுத்தில் இருக்கட்டும்

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். ஆனால் தகராறு வந்தால் அதை நிரூபிப்பது கடினம். முன்பணம் எவ்வளவு, பாக்கி எப்போது, இடையில் சொல்லும் புதிய வேலைக்கு என்ன விலை என்பதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

"முதல் வேலையில் நஷ்டம் வந்தாலும் பெயர் கிடைக்குமே" என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும். "விலை மலிவான ஆள்" என்ற பெயர்! அடுத்த கடைக்காரரும் அதே விலைக்குத்தான் கூப்பிடுவார்.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால், கணக்கை ஒரு முறை சரிபார்க்கச் சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

கணக்குப் பார்த்துச் சொன்ன விலைக்கு வேலை கிடைக்காவிட்டால், போவது ஒரு வேலைதான். கணக்குப் பாராமல் வேலை கிடைத்தால், போவது வீட்டு நகை!