பழைய பிஸ்டல் தலையில ரெட் டாட்டா? வேண்டாம் மக்கா!

பப்ஜி விளையாண்ட ஒவ்வொரு பயலுக்கும் ரெட் டாட்னா என்னன்னு தெரியும். 2020 செப்டம்பர்ல அரசாங்கம் அந்த விளையாட்டைத் தடை பண்ணுச்சு, ஆனா ரெட் டாட் மோகம் மட்டும் போகவே இல்ல. யூட்யூபைத் திறந்தா, வெளிநாட்டு அண்ணாச்சிமாரு நூறு வருசத்துப் பிஸ்டலை மில்லிங் மெஷின்ல மாட்டி, மேல்பக்கத்தைச் செதுக்கி, ரெட் டாட் பொருத்தி, தாத்தாவுக்கு மறுபிறவி குடுத்துட்டதா பீத்திக்கிறாங்க. அதைப் பார்த்துட்டு நம்ம பயலுவளும் "இங்கயும் செஞ்சா என்னவாம்?"னு கிளம்பியாச்சு. செய்யக்கூடாதுங்குறதுதான் இந்தப் பதிவு. திட்டுறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

முதல்ல ஒண்ணு. ரெட் டாட் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. அருமையான சரக்கு அது. ஒரு சின்ன எல்.இ.டி., அதுக்கு எதிர்ல சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்புற பூச்சு போட்ட வளைஞ்ச கண்ணாடி. திரும்பி வர்ற ஒளிக்கதிர்கள் இணையா வர்றதால, புள்ளி தூரத்துல இலக்கு மேலயே ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி கண்ணுக்குத் தெரியும். இந்த ஐடியாவை அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் க்ரப் 1900லயே சொல்லிட்டாரு. பேட்டரி போட்டு முதல்ல வித்தது ஸ்வீடனோட எய்ம்பாயிண்ட், 1975ல. இப்பல்லாம் தொழிற்சாலையிலயே இதுக்கு இடம் வெட்டிப் புதுப் பிஸ்டல் வருது. அதுல தாராளமா மாட்டுங்க, யாரு வேண்டாம்னா?

என் சண்டை பழைய பிஸ்டலைச் செதுக்குறதுல மட்டும்தான்.

நம்ம நாட்டுல 9 எம்.எம்., .45 எல்லாம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸோட வீட்டு பீரோவுல தூங்குற பழைய பிஸ்டல்னா பெரும்பாலும் .32 தான். கோல்ட் 1903, பெல்ஜியத்து எஃப்.என். 1910 மாதிரி சாமான்கள். இதெல்லாம் 'ப்ளோபேக்' வகை. அதாவது, குண்டு கிளம்பும்போது பின்னால உதைக்குற வேகத்தைத் தாங்குறது மேல இருக்குற ஸ்லைடோட எடையும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டும்தான். அந்த எடையைக் கணக்குப் பண்ணித்தான் டிசைனே. நீங்க அதுல இரும்பைச் சுரண்டி எடுத்துட்டு, 30 - 40 கிராம் ரெட் டாட்டைத் தூக்கி மேல வச்சா, அந்தக் கணக்கு என்னத்துக்கு ஆகும்? எஃப்.என். 1910ல பின் சைட்டுன்னு தனியா ஒண்ணு கூடக் கிடையாது. ஸ்லைடு மேல ஒரு நீளக் காடி, அதுக்குள்ளயே சைட்டு. எஃப்.என். 1900ல நிலைமை இன்னும் மோசம், ஸ்பிரிங்கே பேரலுக்கு மேலதான் ஓடுது. எங்க செதுக்குவீங்க?

சரி, செதுக்கியாச்சுன்னே வைங்க. ரெட் டாட்ல கம்பெனிக்கு ஒரு ஸ்க்ரூ அளவு. அந்தக் காலத்து செல்போன் சார்ஜர் பின் ஞாபகம் இருக்கா? அதே கதை. இன்னைக்கு ஒரு மாடலுக்கு வெட்டுன பள்ளத்துல பத்து வருசம் கழிச்சு வர்ற மாடல் உக்காரணும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. பத்து வருச ஆயுசு உள்ள எலக்ட்ரானிக்ஸுக்காக நூறு வருசம் தாங்குன இரும்பைக் காவு குடுக்குறது, எங்க தொழில் பாஷையில சொன்னா, பேக்கப் எடுக்காம ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கிற வேலை. ரோல்பேக் கிடையாது சாமி.

அமெரிக்காக்காரன் ஒரு ஸ்லைடைக் கெடுத்தா இன்னொண்ணு வாங்கிப் போட்டுருவான். இங்க? ஆயுதச் சட்டம் 1959ன் படி துப்பாக்கியோட பாகமும் துப்பாக்கிதான். அதே சட்டத்தோட 5வது பிரிவு, லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியை மாத்தியமைக்கவோ ரிப்பேர் பண்ணவோ கூடாதுங்குது. ஆகவே தெருமுனை லேத்துப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போற யோசனை இருந்தா இப்பவே விட்ருங்க. கம்பி எண்ண வேண்டி வரும்.

இதை விடப் பெரிய விசயம், இருப்பு. 1980களோட நடுப்பகுதியிலிருந்து தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்னே போச்சு, பேர் வாங்குன துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு. 2019 திருத்தத்துல ஒருத்தர் வச்சுக்கக்கூடிய எண்ணிக்கையும் மூணுலேருந்து ரெண்டா குறைஞ்சுது. மிச்சத்தை ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும்னு ஆச்சு. ஆக, இந்த நாட்டுல பழைய வெளிநாட்டுப் பிஸ்டல் எண்ணிக்கை இனிமே குறையும், கூடாது. அதுல ஒண்ணைச் செதுக்குனா, ஒண்ணு போச்சு. அவ்வளவுதான்.

"வெறும் இரும்புதானே, போனா என்ன?"ங்குறவங்களுக்கு நம்ம ஜில்லாக் கதை ஒண்ணு. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச ப்ரௌனிங் பிஸ்டலால. அவருக்குப் பாண்டிச்சேரியில சுடப் பழக்குனது வ.வே.சு. ஐயர்னு வரலாறு சொல்லுது. அதே ஐயர்தான் 1920கள்ல எங்க சேரன்மகாதேவியில குருகுலம் நடத்தி, பிள்ளைகளைத் தனிப்பந்தியில உக்கார வச்ச விவகாரத்துல தமிழ்நாடே கொந்தளிச்சது. அவங்க அரசியல் சரியா தப்பாங்குறது தனிச் சண்டை, இன்னொரு நாள் போட்டுக்கலாம். நான் கேக்குறது பிஸ்டலைப் பத்தி. சுட்டது ரயில் பெட்டிக்குள்ள, கைக்கெட்டுற தூரத்துல. அந்தக் காலத்துச் சட்டைப்பை பிஸ்டல்ல சைட்டு பேருக்கு இருக்கும். அது குறை இல்ல. இந்தச் சாமானை எதுக்காக, எவ்வளவு தூரத்துக்காகச் செஞ்சாங்கங்குறதுக்கு அதுதான் சாட்சி. அதைச் செதுக்கி எறிஞ்சா சாட்சியைக் கலைச்ச மாதிரி. கல்வெட்டைக் கொத்தி டைல்ஸ் ஒட்டுற கோயில் திருப்பணிக்கும் இதுக்கும் என்னய்யா வித்தியாசம்?

எதிர்த்தரப்புல நியாயமான வாதம் ஒண்ணே ஒண்ணு இருக்கு: வெள்ளெழுத்து. 40 தாண்டுன கண்ணுக்கு முன் சைட்டு மங்கும். பின் சைட்டு, முன் சைட்டு, இலக்குன்னு மூணையும் ஒரே நேரத்துல பார்த்து மல்லுக்கட்ட முடியாது. ரெட் டாட்ல இலக்கை மட்டும் பார்த்தாப் போதும். ஒத்துக்கிறேன். அதுக்கு வழியும் இருக்கு. பின் சைட்டைக் கழட்டி, அந்த டவ்டெயில் காடியிலயே உக்கார்ற மவுண்ட் சில பிஸ்டலுக்குக் கிடைக்குது. லைசென்ஸ் உள்ள ஆளை வச்சு மாட்டுங்க, வேண்டாம்னா கழட்டிட்டுப் பழைய சைட்டைத் திரும்பப் போடுங்க. ஒரு கீறல் விழாது. அப்படி மவுண்ட் இல்லாத பிஸ்டலா? அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

மத்தபடி "குறி நல்லா விழும்"னு இளவட்டங்க சொன்னா சிரிப்புதான் வருது. புள்ளி நடுங்குறது உங்க கை நடுங்குறதைத்தான் காட்டும், நடுக்கத்தை நிப்பாட்டாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல தனியா ஒண்ணு, சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு வெண்கலம் வாங்குனாங்களே, எந்த ரெட் டாட்டை வச்சு? அந்தப் போட்டியில திறந்த சைட்டுக்கு மட்டும்தான் அனுமதி. எல்லாம் விரல்லயும் மூச்சுலயும்தான் இருக்கு மக்கா.

டிஸ்கி: எனக்குப் பிஸ்டலும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. "இல்லாதவன் நீ எதுக்குல பேசுத?"ன்னு கேப்பீங்க. தாமிரபரணியில மணல் அள்ளாதேன்னு சொல்றதுக்கு மணல் லாரி வச்சிருக்கணும்னு அவசியமா என்ன?