ஹெல்மெட் பொலிசுக்கில்லை

சில மாதங்களுக்கு முன் எங்கள் நண்பன் ஒருவனின் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்குப் படம் தெரிவு செய்ய வேண்டி வந்தது. ஆளாளுக்கு ஃபோனைத் தட்டினோம். இருந்த நல்ல படங்கள் எல்லாவற்றிலும் அவன் மோட்டார் சைக்கிளில்தான் இருந்தான். கறுப்புக் கண்ணாடி, கலைஞ்ச தலைமயிர், அந்தச் சிரிப்பு. ஹெல்மெட் ஒரே ஒரு படத்தில் இருந்தது, அதுவும் கைபிடியில் கொளுவினபடி. விபத்து நடந்த அண்டைக்கும் அது அங்கேதான் இருந்தது. பிறகு அதை அவன்ர அம்மாவிடம் கொடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை.

செத்தவீட்டில் எல்லாரும் சொன்ன சொல் ஒன்றுதான்: "விதி." நாங்களும் தலையாட்டினோம். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது.

இலங்கையில் அண்மைய வருஷங்களில் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் சாகிறார்கள். அதில் ஆகப்பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுடையது. விதிக்கு மோட்டார் சைக்கிள்காரரோடு மட்டும் அப்படி என்ன கோபம்? காரில் போறவனைச் சுற்றி இரும்பு இருக்கிறது. எங்களைச் சுற்றி ஒரு ரீசேட்டும் காற்றும்தான்.

கணக்கைப் பாருங்கோ. 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடக்கிறான். முன்னால் கட்டாக்காலி மாடு நிக்குது எண்டு விளங்கி, பிறேக்கைப் பிடிக்கவே அந்தச் செக்கன் போய்விடும். அந்த வேகத்திலேயே மதிலில் மோதினால், அது சுமார் 14 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்குச் சமன். பனை ஏறுகிற தொழிலாளி தன் தளைநாரைச் சரிபார்க்காமல் மரத்தில் கால் வைக்க மாட்டார். நாங்களோ அதே உயரத்தில் நாள்தோறும் வெறுந்தலையோடு போய் வருகிறோம்.

எங்களிடம் ஹெல்மெட் இல்லை என்றில்லை. காலமை எந்த வீதியிலாவது நின்று பாருங்கோ. முழங்கையில் இருக்கும், பெற்றோல் ராங்கின் மேல் இருக்கும், பின்னால் இருக்கிறவரின் மடியில் இருக்கும். சந்தியில் பொலிஸ் நிக்குது எண்டால்தான் அது தலைக்கு ஏறும், பட்டி பூட்டாமல். எதிரில் வாறவன் லைற் அடிச்சுக் காட்டுவான்: "கவனம் மச்சான், முன்னுக்கு நிக்கிறாங்கள்."

இதை நாங்கள் ஒற்றுமை என்று நினைக்கிறோம். சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வாழ்ந்த சமூகம் இது. சீருடையைக் கண்டால் ஒருத்தரை ஒருத்தர் தப்ப வைப்பது எங்களுக்குப் பழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் இங்கே தண்டப்பணத்திலிருந்து காப்பாற்றி ஆஸ்பத்திரிக்கல்லவா அனுப்பி வைக்கிறோம்! அந்த லைற், லைசன்ஸ் இல்லாத 16 வயதுத் தம்பியையும் குடிச்சுப்போட்டு வாறவனையும் சேர்த்துத்தான் தப்ப விடுகிறது. அடுத்த வளைவில் அவன் மோதப் போவது எங்கட அக்காவோடயாகவும் இருக்கலாம்.

"வெக்கை", "காது கேக்காது", "உதில கடைக்குத்தானே" என்று சாட்டுகளுக்குக் குறைவில்லை. கடைக்குப் போற வழியில் மட்டும் மாடு குறுக்கே வராதா? சரியாக அணிந்த ஹெல்மெட் சாவுக்கான ஆபத்தை 40 வீதத்துக்கு மேலும், பாரதூரமான தலைக்காயத்தை 70 வீதமளவும் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சரியாக என்றால் பட்டி பூட்டியிருக்க வேணும், எஸ்.எல்.எஸ். தரச்சின்னம் இருக்க வேணும். உள்ளே இருக்கிற ரெஜிபோம்தான் நசுங்கி அடியை வாங்குகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியில் வெடிப்பு இல்லாவிட்டாலும், மாற்றத்தான் வேணும்.

வீதியில் பிழை இல்லையா? இருக்கிறது. பின்லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, எரியாத தெருவிளக்கு, ஒன்றையொன்று முந்துகிற பஸ்கள். இவற்றுக்காகச் சண்டை பிடிக்கத்தான் வேணும். ஆனால் பிரதேச சபை விளக்குப் போடும்வரை எங்கட மண்டையோடு காத்திருக்காது.

"ஓ.எல். பாஸ் பண்ணு, பைக் வாங்கித் தாறன்" என்று ஆசை காட்டுகிற அம்மா அப்பாமாருக்கும், அதற்கு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற மாமா, சித்தப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. லைசன்ஸ் எடுக்க 18 வயது வேணும். அதுவரைக்கும் அந்தப் பாசத்தைப் பொத்தி வையுங்கோ.

நாங்கள் எங்களுக்குள் முடிவெடுத்தது இவ்வளவும்தான். பட்டியைப் பூட்டுவோம். பின்னால் இருக்கிறவருக்கும் ஹெல்மெட் இல்லாட்டி ஸ்டார்ட் பண்ண மாட்டோம். குடிச்சவன்ர திறப்பைப் பறிச்சு வைப்போம், ஏசினால் ஏசட்டும், விடிய எழும்பி ஏசுறதுக்கு ஆள் உயிரோட இருக்கும். பொலிஸ் நிக்குது எண்டு லைற் அடிக்க மாட்டோம். மாடு நிக்குது எண்டால் அடிப்போம்.

அவன்ர பதாகை நிறம் மங்கி இன்னும் சந்தியில் தொங்குகிறது. போன மாதம்வரை அதற்கு முன்னால் ஹெல்மெட்டை முழங்கையில் கொளுவிக்கொண்டு போனவர்களில் நாங்களும் இருந்தோம். இன்னொரு பதாகைக்குப் படம் தேட எங்களால் ஏலாது.