சாலையும் கூண்டில் ஏறட்டும்!

2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். தோழர்களே, அவர்களில் 100க்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 19 பேர் நடந்து போனவர்கள். பெரும்பாலும் நம்மவர்!

அரசாங்கக் கணக்கோ 71 விழுக்காடு சாவுகளை ‘மிகை வேகம்’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டது. பழி ஓட்டியவன் தலையில்; சாலை போட்டவருக்கு விடுதலை!

சென்னை ஐ.ஐ.டி. வகுத்த கணினி முறை 2021இல் வந்தது. விபத்து நடந்த இடத்திலேயே காவலர் கைப்பேசியில் பதிகிறார். பின்னர் பொறியாளர் வந்து சாலையின் அமைப்பைப் பதியவேண்டும். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம்.

தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மூன்றாண்டில் சாவோ படுகாயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்தால், அல்லது 10 சாவு விழுந்தால், அது ‘கரும்புள்ளி’யாம். அதுவரையா காத்திருப்பது? ஒரே வளைவில் இரண்டாவது உயிர் போகும்போதே கணினி காட்டிக்கொடுக்குமே! அந்தப் பட்டியலை, ஒப்பந்தக்காரர் பெயரோடு, ஊர்தோறும் ஒட்டுங்கள் என்கிறோம்.