சந்தாப் பட்டியலும் கழக வாயிலும்

டென்னிஸ், பட்மின்டன் போன்ற மட்டை விளையாட்டுகளுக்கென ஒரு கழகத்தை அமைக்க முற்படுவோர், முதற் கூட்டத்திலேயே சந்தா எவ்வளவு என்ற வினாவை எழுப்புவது வழக்கம். ஐந்நூறா ஆயிரமா என்று நெடுநேரம் வாதம் நடைபெறும். தேநீர் வந்துவிடும், தீர்மானம் மாத்திரம் வராது. அவ்வினா இரண்டாவதாகக் கேட்கப்படவேண்டியது என்பது எமது கருத்து. கழகம் தன் அங்கத்தினருக்கு எதனைக் கொடுக்கிறது என்பதையே முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். அது கொடுப்பது களத்தில் நிற்கும் நேரத்தை. அந்த நேரமோ அளவுபட்டது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கழகமொன்றுக்கு மூன்று பட்மின்டன் களங்கள் உள்ளனவென்றும், மாலை 5 மணி முதல் 9 மணி வரை ஆட்டம் நடைபெறுகிறதென்றும் வைத்துக்கொள்வோம். இரட்டையர் ஆட்டத்தில் ஒரு களத்தில் நால்வர் நிற்பர். ஆகவே ஒரு மாலைக்கு 48 இடங்கள். வாரத்தில் ஆறு மாலைகளுக்கு 288. ஒருவர் வாரத்துக்கு மூன்று மாலை, ஒவ்வொரு மணி நேரம் ஆட விரும்புவாராயின், 96 பேருக்கே அங்கு இடமுண்டு. இருநூறு பேரைச் சேர்த்துக்கொண்டால் தனாதிகாரி முகமலர்வார். ஏனையோர் வாங்கிலிருந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவ்வாறு பார்த்திருந்தவர்கள் அடுத்த ஆண்டு சந்தா கட்ட வருவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இனி, அதே கழகம் காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பூட்டிக் கிடக்கும். கூரையும் தரையும் வலையும் அப்பொழுதும் இருக்கின்றன; அவற்றுக்கான செலவும் இருக்கிறது. ஓய்வுபெற்றோர், இல்லத்தரசியர், இரவு வேலைக்குச் செல்வோர் ஆகியோருக்குப் பகல்நேர அங்கத்துவம் என ஒரு வகையை வகுத்து, மாலைச் சந்தாவில் பாதியை வாங்கினாலும் கழகத்துக்கு இலாபமே. இதனைச் சலுகையென்று சொல்லிக்கொள்ளும் செயற்குழுவினர் சிலர் உளர். யாருக்கும் பயன்படாது கழிந்துபோகும் நேரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தல் சலுகையாகாது. வியாபாரம் அறிந்த எவரும் செய்வதே அது.

மாணவர் விஷயம் சற்று வேறானது. பள்ளிவிட்ட பின் 3 மணி முதல் 5 மணி வரையுள்ள நேரம் அவர்களுக்குப் பொருந்தும். ஆயினும் மணி ஐந்து அடித்தவுடன் பிள்ளைகளைக் களத்தினின்றும் துரத்திவிடும் கழகத்தில் நல்ல ஆட்டக்காரர் தோன்றுதல் அரிது. தம்மிலும் வல்லவரோடு எதிர்நின்று ஆடினாலன்றி இளையோருக்குக் கை வருவதில்லை. வாரத்தில் ஒரு மாலையேனும் பெரியோரும் மாணவரும் கலந்து ஆடும்படி விதி செய்தல் வேண்டும். அதற்கு முணுமுணுக்கும் மாமாமார் இருப்பார்கள். இருக்கட்டும்.

குடும்ப அங்கத்துவம் என்பது பெயரளவில் மிக இனியது. தந்தை, தாய், பிள்ளைகள் யாவரும் ஒரே சந்தாவில் ஆடலாம் என்பர். ஆனால் பல இல்லங்களில் தந்தை ஒருவரே மட்டையுடன் புறப்படுகிறார். தாய்க்கு அடுக்களை விட்டபாடில்லை. இத்தகைய குடும்பம், ஆடாத மூவருக்காகவும் பணம் செலுத்துகிறது. முதலாமவருக்கு முழுச் சந்தா, அதே இல்லத்து இரண்டாமவருக்கு அதனிற் பாதி, பிள்ளைகளுக்குக் கால் என்று ஆளுக்கு ஆள் வகுத்தலே நேர்மை. தாயின் பெயர் பட்டியலில் தனியே இருக்குமாயின், பொதுக்கூட்டத்தில் அவருக்கும் ஒரு வாக்கு உண்டாகும் என்பதையும் கவனிக்க.

இறகுப்பந்துக்கான செலவைச் சந்தாவோடு சேர்த்தல் ஆகாது. பதினாறு இறகுகளால் ஆன அப்பந்து ஐந்து கிராம் அளவே நிறையுடையது. வன்மையாக அடிப்போர் கையில் ஒரு மாலைக்கு எத்தனை சிதையும் என எவரும் முன்கூட்டிச் சொல்லவியலாது. ஆடியவர்கள் அன்றன்றே பங்கிட்டுக் கொடுப்பதே சச்சரவற்ற வழி.

ஆயுட்கால அங்கத்துவத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத விரும்புகிறோம். கட்டடம் எழுப்பப் பணம் தேவைப்படும் போதெல்லாம் கழகங்கள் இதனை நாடுகின்றன. பத்தாண்டுச் சந்தாவை ஒருங்கே செலுத்துவோர் வாழ்நாள் முழுதும் ஆடலாம் என அறிவிப்பர். பணம் வரும், கட்டடமும் எழும். பதினோராம் ஆண்டில் கூரை ஒழுகத் தொடங்கும்போது, களத்தில் நிற்போரிற் பெரும்பாலோர் ஒரு சதமும் கொடுக்க வேண்டாதவராய் இருப்பர். அன்றைய இளைஞரே எல்லாச் செலவையும் சுமக்க நேரிடும். பிள்ளைகளின் பணத்தை முற்பணமாக எடுத்துச் செலவிடுவதற்கு இது ஒப்பானது. அத்தொகையைத் தனி வைப்பிலிட்டு வட்டியை மாத்திரம் எடுத்துச் செலவிடுவதானால், ஆயுட்கால அங்கத்துவத்தில் எமக்கு ஆட்சேபமில்லை.

விம்பிள்டனில் உள்ள அகில இங்கிலாந்துக் கழகத்துக்கும் இத்தகைய பணமுடை இருந்தது. 1868ஆம் ஆண்டில் குரோக்கே விளையாட்டுக்காகத் தொடங்கப்பட்ட அக்கழகம், புற்றரையைச் சமப்படுத்தும் உருளையைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டியே 1877இல் முதலாவது டென்னிஸ் போட்டியை நடத்தியது என்பர். 22 பேர் போட்டியிட்டனர். இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஏறக்குறைய 200 பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தனர். பின்னர் 1920இல், புதிய மைதானத்துக்கான நிலத்தை வாங்க, பணம் கொடுப்போருக்குச் சில ஆண்டுகள் ஆசன உரிமை வழங்கும் கடன் பத்திரங்களை விற்றனர். பத்திரம் வாங்கியவருக்கு ஆசனம் கிடைத்ததேயன்றி அங்கத்துவம் கிடைக்கவில்லை. உரிமைக்குக் காலவரையறையும் இருந்தது. ஆயுட்கால அங்கத்துவத்திலும் இம்முறை எவ்வளவோ மேலானது.

பணத்தைப் பொறுத்தவரை இவ்வளவு நுட்பமாயிருந்த அக்கழகம், ஆட்களைப் பொறுத்தவரை எப்படி இருந்தது? 1956இல் அல்தியா கிப்சன் என்ற கறுப்பின அமெரிக்க வீராங்கனையும், அஞ்செலா பக்ஸ்டன் என்ற யூத இனத்து ஆங்கில வீராங்கனையும் விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றனர். அக்கழகத்தின் அங்கத்துவம் தமக்குக் கிட்டவேயில்லை எனப் பக்ஸ்டன் முதுமையிலும் கூறிவந்தார். அவர் 2020இல் காலமானார்.

நியூயோர்க் நகரின் பொறஸ்ட் ஹில்ஸ் பகுதியில் உள்ள வெஸ்ட் சைட் டென்னிஸ் கழகத்தில் நிகழ்ந்தது இதனினும் வெளிப்படையானது. 1957இலும் 1958இலும் கிப்சன் அமெரிக்க ஒற்றையர் பட்டத்தை வென்றது அக்கழகத்தின் புற்றரையிலேதான். அடுத்த ஆண்டாகிய 1959இல், ஐக்கிய நாடுகள் சபையின் உயர் அதிகாரியும் 1950ஆம் ஆண்டின் சமாதான நோபல் பரிசைப் பெற்றவருமான ரால்ப் பன்ச் தம் மகனை அங்கே சேர்க்க விசாரித்தார். கறுப்பினத்தவரையும் யூதரையும் சேர்ப்பதில்லை எனக் கழகத் தலைவர் அவருக்குக் கூறினார். செய்தி பத்திரிகைகளில் வந்து பெருங் கண்டனம் எழவே, தலைவர் பதவி விலகினார். தந்தைக்கும் மகனுக்கும் அழைப்பு வந்தது. பன்ச் அதனை ஏற்கவில்லை. தமது புகழை முன்னிட்டுத் தமக்கு மட்டும் திறக்கப்படும் கதவு, இன சமத்துவத்தின் பேரில் திறக்கப்பட்டதன்று என்பது அவர் கருத்து. அக்கழகத்திலிருந்து அமெரிக்கப் பகிரங்கப் போட்டி 1978இல் பிளஷிங் மெடோஸ் பொதுப் பூங்காவுக்கு மாறியது.

அக்காலத்துக் கழகங்களின் சந்தாப் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்த்தால் பிழையொன்றும் தோன்றாது. பிழை இருந்தது முன்மொழிவோர், வழிமொழிவோர், நிருவாகசபையின் மறைவான வாக்கெடுப்பு என்ற வாயிற்படிகளில். எம்மிடையே உள்ள கழகங்களிலும் இரு அங்கத்தினரின் கையொப்பம் வேண்டும் என்ற விதி காணப்படுகிறது. இவ்விதி, ஊருக்குப் புதிதாய் மாற்றலாகி வந்த உத்தியோகத்தரின் பிள்ளையை எவ்வாறு நடத்தும்? அவருக்கு யாரைத் தெரியும்? இன்னாருடைய மகன் என்று சொல்ல ஆளில்லாத பிள்ளை எங்கே கையொப்பம் தேடும்?

கையொப்பத்துக்குப் பதிலாக மூன்று மாதத் தற்காலிக அங்கத்துவத்தை எல்லோருக்கும் கொடுக்கலாம். ஒழுங்காக நடந்துகொண்டவர் தாமாகவே நிலையான அங்கத்தினராவார். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் கொடுக்கும் பொறுப்பைக் காரியதரிசி ஏற்கவேண்டும். இடமில்லாத காலத்தில், காத்திருப்போரின் பெயர்களை விண்ணப்பம் கிடைத்த திகதி வரிசைப்படி எழுதி, அறிவித்தற் பலகையில் தொங்கவிடலாம். செயற்குழுத் தலைவரின் மருமகன் முப்பதாவதாக நின்றால், முப்பதாவதாகவே நிற்பதை அங்கே யாவரும் பார்க்கலாம்.