படியிறங்கியதும் தறிச் சத்தம்

தம்பி மகள் படிப்புக்காக இத்தாலி போய் ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் சான் ஜிமிஞானோ என்கிற மலையூரின் படங்களை அனுப்பியிருந்தாள். குன்றின் மேல் மதில், மதிலுக்குள் வானத்தைத் தொடுவதுபோல் கல் கோபுரங்கள். ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம். இன்று நிற்பவை 14. குங்குமப்பூ வியாபாரத்தில் செழித்த ஊர் அது. 1348-ல் வந்த கொள்ளைநோய் ஊரைச் சாய்த்தது. தொழில் போனது, கோபுரங்கள் மிஞ்சின. 1990-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. "பெரியப்பா, நம்ம பக்கம் இந்த மாதிரி ஊர் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டிருந்தாள்.

"சென்னிமலை இருக்குது கண்ணு" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறுத்தியது. எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் மலையைத்தான், ஊரை அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோவையிலிருந்து பஸ் ஏறி, பெருந்துறையில் இறங்கி, டவுன் பஸ் மாறினேன்.

மேலே போக 1320 படிகள். தார் ரோடும் உண்டு. நான் படியேறித்தான் போனேன். மலைமேல் முருகனின் அபிஷேகத்துக்கு அடிவாரத்திலிருந்து பொதிகாளைகள் தண்ணீர் சுமந்து படியேறுவது இந்தக் கோயிலின் வழக்கம். 1984 பிப்ரவரி 12 அன்று இரட்டை மாட்டு வண்டி ஒன்று இந்தப் படிகளில் ஏறி மேலே வந்ததை ஊரில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது இங்கேதான் என்பது பக்தர்களின் நம்பிக்கை. முருகன் சன்னதிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஏறினால் வள்ளி தெய்வானைக்குத் தனிக் கோயில், அதற்கும் மேலே சித்தர் குகை.

தரிசனம் முடித்து வழக்கம்போல் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் தெருக்களுக்குள் திரும்பினேன். நாலு வீடு தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது. டக், டடக், டக். திறந்திருந்த கதவுக்குள் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் மிதியை மிதிக்க, பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. கயிற்றைச் சுண்டுகிறார். நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாய்கிறது. பலகையை இழுத்து அடிக்கிறார். ஒரு இழை ஏறிவிட்டது. அவ்வளவுதான், ஒரே ஒரு இழை. ஒரு போர்வைக்கு இப்படி எத்தனை ஆயிரம் அடி! பக்கத்தில் அவர் வீட்டம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். "மேல போயிட்டு வந்தீங்ளா கண்ணு? உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினார்.

நெய்த போர்வை ஒன்றின் கரையை அந்த அம்மா விரித்துக் காட்டினார். ஓரம் நெடுக ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னத் துளைகள். நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, முனையில் ஊசி வைத்த குச்சியால் அகலவாக்கில் இழுத்துப் பிடிப்பார்கள். அந்தத் தடம் அது. நாற்பது வருடமாகச் சென்னிமலைப் போர்வை போர்த்தித் தூங்குகிறேன், அன்றுதான் அந்தத் துளைகளைப் பார்த்தேன்.

இந்த ஊரின் சரித்திரம் முழுக்க நூலில்தான் கோத்திருக்கிறது. கொடிகாத்த குமரன் பிறந்தது இங்கே, 1904-ல், நெசவுக் குடும்பத்தில். 1932 ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் தடியடி பட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. அடுத்த நாள், 11-ம் தேதி, உயிர் போனது. அந்தக் கையும் தறி பிடித்த கைதான். நெசவாளர்களைக் கூட்டுறவாக ஒன்றுசேர்த்து, சென்டெக்ஸ் என்ற பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோன எம்.பி. நாச்சிமுத்துவுக்கு 1983-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னும் பின்னால் போனால், பக்கத்திலேயே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். பாசிமணியும் இரும்பும் செய்த அந்த ஊரை அகழ்ந்தபோது, நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன.

அந்தப் பெரியவரின் பையன் தறிக்கு வரவில்லை. பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தறியில் வருகிற கூலி குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் அவன் என்ன செய்வான்? படுக்கை விரிப்பும் ஜமக்காளமும் கைத்தறிக்கே உரியவை என்று 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வருகிறது. பாதி விலைக்குக் கிடைப்பதால் நாமும் வாங்கிவிடுகிறோம். இது திருட்டு. நெசவாளியின் கூலியிலிருந்து எடுக்கிற திருட்டு.

சான் ஜிமிஞானோவில் தொழில் போய், கல் மட்டும் நிற்கிறது. அந்தக் கல்லைப் பார்க்க உலகமே போகிறது. சென்னிமலையில் தொழிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அதைப் பார்க்க மலைக்கு வந்தவர்கூட ஒரு தெரு தள்ளிப் போவதில்லை. கோயில் நிர்வாகமோ பேரூராட்சியோ அடிவாரத்தில் ஒரு தறிக்கூடம் வைத்தால் என்ன? வருகிற குழந்தைகள் ஒரு முறையாவது நாடா ஓடுவதைப் பார்க்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை சென்னிமலை போகிறவர்கள் படியிறங்கியதும் நெசவுத் தெருவுக்குள் ஒரு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து ஒரு போர்வை வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.